சுண்டிய தண்ணீர்

"வை கீழே! அந்தக் கிளாஸைக் கீழே வைன்னு சொல்றேன்ல…!"

பசிலியாவின் குரல் கேட்டு எலோதியாவின் கை அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடிக் கிளாஸில் இருந்த தண்ணீர் தளும்பி, படையல் மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணியில் சிந்தியது. அது போதாதா பசிலியாவுக்கு!

"பாரு, பாரு… துணியையும் நனைச்சாச்சு. நாளைக்கு மத்தியானம் மணி அடிச்சா குழந்தைங்க வீட்டுக்கு வர்ற நேரம். இன்னிக்கே அபசகுனம்!"

"துணிய மாத்திடறேன் அண்ணி. கிளாஸை மட்டும் நான் வைக்கறேனே… இந்த ஒரு வருஷமாவது…"

"எதுக்கு? உசுரோட இருக்கறப்போ கலர் தண்ணி குடுத்தே. செத்தப்புறமாவது புள்ள நல்ல தண்ணி குடிக்கட்டும்!"

எலோதியா கிளாஸை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, பூக்கூடையை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாமந்தி இதழ்களைப் பிய்க்கத் தொடங்கினாள். வாசலிலிருந்து படையல் வரைக்கும் மஞ்சள் பாதை போட வேண்டும். இறந்த குழந்தைகள் வருஷத்துக்கு ஒரு நாள் அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வரும். வந்ததும் முதலில் தேடுவது தண்ணீரைத்தான். அவ்வளவு தூரம் நடந்து வருகிற பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா? அந்தத் தண்ணீரைத் தாய்தான் வைப்பாள். எங்கள் லா நோரியா ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான், இந்த ஒரு வீட்டைத் தவிர.

பசிலியா, எலோதியாவின் கணவன் ஃபெர்மினுக்கு அக்கா. தாய் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவளைக் கட்டியவன் வேலை தேடி எல்லை தாண்டி வடக்கே போனவன், போனவன்தான். கையில் இருந்த ஒரே குழந்தை நாச்சித்தோவை, ஊரில் வாந்திபேதி வந்த வருஷம் வாரிக் கொடுத்தாள். குளத்துத் தண்ணீரை அப்படியே குடிக்கக் கொடுத்ததால்தான் பிள்ளை போனான் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு மனசுக்குள் அடுப்பு மூட்டியவள் இன்னும் அணைக்கவில்லை. ஒரு பெரிய அலுமினியப் பானை நிறையத் தண்ணீரை ஏற்றுவாள். அது பாதியாகச் சுண்டும் வரை இறக்க மாட்டாள். பானையின் உட்புறம் வெள்ளைவெள்ளையாகக் காரை படிந்திருக்கும். அதை நகத்தால் சுரண்டி ஊர்ப் பெண்களிடம் காட்டுவாள். "பாத்தீங்களா விஷத்த? தண்ணிய விட்டுட்டுப் பானையில ஒட்டிக்கிச்சு!" பெண்கள் வாயில் கைவைத்துக்கொண்டு போய், அவரவர் வீட்டிலும் பானை ஏற்றினார்கள். பசிலியா சொன்னால் ஊரில் மறுபேச்சு கிடையாது. பாதிரியாரே கொஞ்சம் பயப்படுவார்.

எலோதியாவின் மகன் எலிசியோ பிறந்தபோது, "என் நாச்சித்தோ திரும்பி வந்துட்டான்" என்று வாரி எடுத்துக்கொண்டவளும் இந்தப் பசிலியாதான். பெற்றவள் பால் கொடுத்ததோடு சரி. குளிப்பாட்டியது, தூங்க வைத்தது, தண்ணீர் கொடுத்தது எல்லாம் அத்தை. பையன் நோஞ்சான் என்பதால், ஏற்கெனவே சுண்டிய தண்ணீரை அவனுக்கு மட்டும் தனியாக இன்னொரு தடவை சுண்டக் காய்ச்சுவாள். குழந்தை முகத்தைச் சுளிப்பான். "கசக்குது அத்தை…" என்பான். "ஒரே மூச்சுல குடி ராஜா, ஒரே மூச்சுல!" என்று மூக்கைப் பிடித்துக் குடிக்க வைப்பாள். பிறகு அவன் சமையலறைப் பின்பக்கமாக வந்து அம்மாவின் பாவாடையை இழுப்பான். பெற்ற வயிறு கேட்குமா? எலோதியா கடையில் ஒரு சின்ன பாட்டில் கலர் வாங்கி, ஒளித்து வைத்துக் கொடுப்பாள்.

எலிசியோவின் முகமும் காலும் வீங்கியபோது அவனுக்கு ஒன்பது வயது. டவுன் ஆஸ்பத்திரியில் கிட்னி போய்விட்டது என்றார்கள். "பையன் நிறைய கலர் குடிப்பானா?" என்று டாக்டர் எல்லாரிடமும் கேட்கிற மாதிரி கேட்டார். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது. சவப்பெட்டி வீட்டைவிட்டு இறங்குவதற்குள் பசிலியா காலி பாட்டில்களைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, இழவுக்கு வந்த சனத்தின் நடுவே வரிசையாக வைத்துவிட்டாள். "பாத்துக்குங்க! பெத்தவளே புள்ளைக்கு ஊத்தின விஷம்!"

அன்றிலிருந்து எலோதியா அந்த வீட்டில் குடிதண்ணீரைத் தொடக் கூடாது. ரொட்டி தட்டலாம், அவரைக்கொட்டை வேக வைக்கலாம், எல்லார் துணியும் துவைக்கலாம். பானையை மட்டும் தொடக் கூடாது. ஃபெர்மின் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நல்லவன்தான், என்ன பிரயோஜனம்? அக்காவுக்கு எதிரே அவனுக்கு நாக்கு எழும்பாது.

"அம்மா, இத்தனை பேச்சையும் எப்படித்தான் கேட்டுட்டு உக்காந்திருக்கீங்களோ!" என்று உள்ளேயிருந்து வந்தாள் மகள் யூரிதியா. பேசும்போதே கையால் வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. அவளுடைய முன்பற்கள் பழுப்பேறி, திட்டுத்திட்டாக இருக்கும். அடுத்த மாதம் அவளுக்குப் பதினைந்து நிறைகிறது. அந்த வயதில் ஊரில் மற்ற பெண்களுக்குக் கல்யாணம் மாதிரி விழா எடுப்பார்கள். இவளோ, விழாவும் வேண்டாம் போட்டோவும் வேண்டாம் என்று ஒரே பிடிவாதம்.

"பல்லைப் பாரு, பல்லை! அதுக்கும் உங்கம்மாவைத்தான் கேக்கணும். மிட்டாய் வாங்கிக் குடுத்தே வளத்தா," என்றாள் பசிலியா.

"பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும்தான் இப்படிப் பல்லு! எல்லாருக்கும் எங்கம்மாவா மிட்டாய் வாங்கிக் குடுத்தாங்க?"

"யூரி, அத்தைகிட்ட அப்படிப் பேசாதே," என்றாள் எலோதியா.

மூலையில் உட்கார்ந்திருந்த ஃபெர்மின் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மெல்ல நழுவினான். அவனுக்கு ப்ரோக்கோலித் தோட்டத்தில் பம்ப் ஓட்டுகிற வேலை. அவன் ஓட்டுகிற மோட்டார் இரவும் பகலும் ஓய்வதில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்த பச்சைப் பூக்கள் ஐஸ் பெட்டியில் ஏறி வடக்கே போய்க்கொண்டே இருக்கும். இங்கே அதை யாரும் சாப்பிடுவதுகூட இல்லை. ஒரு காலத்தில் ஊர்க் கிணற்றில் கயிறு விட்டுத் தண்ணீர் எடுத்தோம். பிறகு மழை பிந்தியது, குறைந்தது, சில வருஷம் பேருக்கு வந்துவிட்டுப் போனது. தோட்டக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். ஊர்க் கிணறு வறண்டதும் எங்களுக்கும் ஒன்று போட்டார்கள். அதில் தண்ணீர் இறங்க இறங்க, இன்னும் ஆழம், இன்னும் ஆழம் என்று குழாய் இறக்கினார்கள். கடைசியில் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சந்தோஷப்பட்டோம்! குளிக்க விறகு மிச்சம் என்று பாதிரியாரைக் கூப்பிட்டுக் குழாய்க்குப் பூசை வைத்தோம்.

அன்று மாலை பள்ளிக்கூடத்தில் கூட்டம். பள்ளிக்கூடத்துக் கூரை மழைநீரைப் பிடித்து வைக்கச் சிமெண்ட் தொட்டி கட்டிக் கொடுத்திருந்தார்கள். அதைக் கட்டியவர்களோடு, ஊர்த் தண்ணீரைச் சோதித்த பெண் ஒருத்தியும் டவுனிலிருந்து வந்திருந்தாள். ஒல்லியாக, வெயிலில் கறுத்துப்போய், பார்த்தால் நம் வீட்டுப் பெண் மாதிரி இருந்தாள்.

"தண்ணியில ஃப்ளோரைடு இருக்கு, ஆர்சனிக்கும் இருக்கு," என்றாள் நேராக. "ரெண்டுமே அளவுக்கு மேல. பிள்ளைங்க பல்லு பழுப்பாகறது அதனாலதான். மிட்டாயால இல்ல."

யூரிதியாவின் கை வாயிலிருந்து தானாகக் கீழே இறங்கியது.

"முன்னாடி இல்லையேம்மா, இப்ப எங்கேருந்து வந்துச்சு?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"மேல இருந்த தண்ணிய எல்லாருமாச் சேர்ந்து உறிஞ்சித் தீத்தாச்சு தாத்தா. பெய்யற மழை அந்த வேகத்துக்கு உள்ள இறங்கல. இப்ப நீங்க குடிக்கறது ரொம்ப ஆழத்துல, பாறையோட பாறையா எத்தனையோ காலம் கிடந்த தண்ணி. பாறையில இருக்கறதெல்லாம் அதுல ஊறிக் கிடக்கு. அதான் சூடா வருது."

"அப்போ செத்துப்போன எங்க எலிசியோ…?" ஃபெர்மின்தான் கேட்டான். எத்தனையோ காலமாகப் பேசாதவன் பேசிவிட்டான்!

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "ஒரு குழந்தைக்கு இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண முடியாதுங்க. ஆனா கிட்னிக்கு இந்தத் தண்ணி ஆகவே ஆகாது. சின்னப் பிள்ளைங்களுக்கு ரொம்பவே ஆகாது."

எலோதியா கண்ணை மூடிக்கொண்டாள். நானில்லை… நான் மட்டும் இல்லை… என் ராஜாவை நான் கொல்லவில்லை! அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். "நாங்க காய்ச்சித்தானே குடிக்கறோம்! பாதியா சுண்டற வரைக்கும் காய்ச்சறோமே!"

"ஐயையோ, அதைச் செய்யாதீங்க!" டவுன் பெண் பதறினாள். "காய்ச்சினா கிருமிதான் சாகும். இது கிருமி இல்ல. சூப்பு சுண்டினா உப்பு குறையுமா, கூடுமா? தண்ணி மட்டும்தான் ஆவியாப் போகும். பாதியா சுண்டினா விஷம் ரெண்டு பங்கு. மறுபடி சுண்ட வச்சா இன்னும் மோசம்."

"பானையில வெள்ளையா ஒட்டுமே, அது?"

"அது சுண்ணாம்பு. விஷம் தண்ணியிலேயேதான் இருக்கும்."

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. பசிலியா சுவரோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தில் ரத்தம் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. "ரெண்டு தடவை… அவனுக்கு ரெண்டு தடவை…"

"இதை ஊருக்குச் சொல்லிக் குடுத்ததே பசிலியாம்மாதானே!" என்று ஒருத்தி எழுந்தாள்.

"இல்ல!"

சொன்னது எலோதியா. எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அண்ணி ஒரு கொதி வந்தா போதும்னுதான் சொன்னாங்க. சுண்ட வச்சது நான். பயத்துல நான்தான் அப்படிச் செஞ்சேன். எலிசியோவுக்கு ரெண்டு தடவை காய்ச்சினதும் நான்தான். நான் சுண்ட வச்ச பானையைத்தான் அண்ணி உங்ககிட்ட காட்டினாங்க. அதைப் பாத்துத்தான் ஊரும் செஞ்சிருக்கும்."

பாவம், ஊருக்கு நம்புவது சுலபமாக இருந்தது. ஏற்கெனவே குற்றவாளி என்று முத்திரை குத்தியாயிற்று, இன்னொன்று குத்துவதற்கு என்ன?

"அடிப்பாவி! ஒரு பக்கம் கலரு, ஒரு பக்கம் இது! இவ கையில அகப்பட்ட புள்ள எப்படிப் பொழைக்கும்?"

"அம்மா! ஏம்மா பொய் சொல்றீங்க?" யூரிதியா அலறினாள். எலோதியா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியே நடந்தாள்.

வீட்டில் விளக்கேற்றும் நேரம். பசிலியா அடுப்பு மூட்டவில்லை. பானையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, உள்ளே படிந்த வெள்ளைக் காரையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். நகக்கண்ணில் ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை.

"ஏன்டி அப்படிச் சொன்னே?" என்றாள், நிமிராமல். "நீதான் என்னைய நடுச்சந்தியில நிக்க வச்சுக் கேட்டிருக்கணும். நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேட்டிருக்கணும். உனக்கு அந்தப் பாத்தியதை இருந்துச்சே…"

"கேக்கத்தான் நினைச்சேன்." எலோதியாவின் குரல் உடைந்தது. "எனக்குக் கோவமே வராதுன்னு நினைச்சீங்களா அண்ணி? பாட்டிலை வரிசையா அடுக்கினீங்களே, அன்னிக்கே செத்துட்டேன். புள்ளைய அடக்கம் பண்ணிட்டு அழக்கூட விடலை நீங்க. அழுதா, 'நடிக்கறா'ன்னு சொன்னீங்க. இவர் இருக்காரே இவர்…" என்று கணவன் பக்கம் திரும்பினாள். "ஒரு வார்த்தை! 'அவளும் தாய்தானே'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாரா?"

ஃபெர்மின் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். "நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பேசுவேன் எலோதியா? தண்ணிய ஆழத்துக்கு எறக்கினவங்கள்ல நானும் ஒருத்தன்… மோட்டாரு சத்தம் காதுல கேட்டுட்டே இருக்கு. வாயத் தொறந்தா அழுதுடுவேன்னு பயம்."

"அழுதிருக்கலாமே! ரெண்டு பேருமாச் சேர்ந்து அழுதிருக்கலாமே!"

"அப்புறம் ஏன்மா அத்தையக் காப்பாத்தினீங்க?" யூரிதியா ஆத்திரத்தோடு கேட்டாள். "நாளைக்கு ஊரே உங்களைக் காறித் துப்பும்!"

எலோதியா முந்தானை மாதிரித் தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"புள்ளையக் கொன்னவள்னு பேர் வாங்கிட்டு ஒவ்வொரு நாளும் கண்ணு முழிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் யூரி. அதை நான் சுமந்து பழகிட்டேன். உங்கத்தைக்கு ஏற்கெனவே நாச்சித்தோ ஒரு சுமை. அதுக்கு மேல எலிசியோவும்னா அவங்க தாங்க மாட்டாங்க. ஆசையாத்தானேடி காய்ச்சினாங்க… விறகு பொறுக்கி, கண்ணு எரிய எரிய ஊதி… நம்ம புள்ளை பொழைக்கணும்னுதானே காய்ச்சினாங்க…"

மேலே பேச முடியாமல் அவள் எழுந்து போய்விட்டாள். பசிலியா அழவில்லை. பானையைச் சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் படையல் தயாராகிவிட்டது. வெல்லப் பூசணி, சர்க்கரை தூவிய ரொட்டி, எலிசியோவுக்குப் பிடித்த வேர்க்கடலை மிட்டாய், நாச்சித்தோவின் மரப் பொம்மை, இருவர் படமும். கிளாஸ்கள் இரண்டும் காலியாக இருந்தன. அவற்றில் ஊற்ற அந்த வீட்டில் தண்ணீர் இல்லை. குழாயில் வருவதைப் பிள்ளைக்கு எப்படி வைப்பது? யூரிதியா யாரிடமும் சொல்லாமல் குடத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துத் தொட்டிக்குப் போயிருந்தாள்.

வழக்கம்போல அக்கம்பக்கத்துப் பெண்கள் ரொட்டியும் பூவுமாகக் குழந்தைகளின் படையலைப் பார்க்க வந்தார்கள். எலோதியாவைப் பார்த்ததும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருத்தி வாசற்படியிலேயே நின்று, "இவ இருக்கற வீட்டுல நான் ரொட்டி வைக்கமாட்டேன்," என்று காதுபடச் சொன்னாள்.

பசிலியா உள்ளேயிருந்து வந்தாள். இரண்டு கையிலும் அந்தப் பானை. அதை வாசலில் எல்லார் காலடியிலும் வைத்தாள்.

"தெரியுதா இது யார் பானைன்னு?" அவள் குரல் நடுங்கியது, ஆனால் தெரு முழுக்கக் கேட்டது. "என் பானை! சுண்ட வச்சது என் கை! எலிசியோ கசக்குதுன்னு அழுதான், மூக்கைப் பிடிச்சு ஊத்தினதும் இந்தக் கைதான். அவன் வாயில நல்லதா நாலு சொட்டு எறங்கிச்சுன்னா அது இவ ஒளிச்சுக் குடுத்த கலருதான். நேத்து கூட்டத்துல இவ சொன்னது பொய். என்னைக் காப்பாத்தச் சொன்ன பொய். துப்பணும்னா இங்க துப்புங்க!" என்று தன் மார்பில் அறைந்துகொண்டாள்.

வாசற்படியில் நின்றவள் ரொட்டியைக் கையில் பிடித்தபடி கண்ணைத் துடைத்தாள். அவள் வீட்டிலும் ஒரு பானை இருந்தது.

பசிலியா அப்படியே மடங்கி எலோதியாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "என்னை மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் வரலைடி…"

எலோதியா குனிந்து அவளைத் தோளோடு பிடித்துத் தூக்கினாள்.

"இன்னிக்கே மன்னிச்சுட்டேன்னு சொன்னா அது பொய்யாப் போயிடும் அண்ணி. நேத்து ஒரு பொய் சொன்னதே போதும். கொஞ்ச நாள் ஆகும் எனக்கு. எந்திரிங்க… குழந்தைங்க வர்ற நேரம்."

யூரிதியா இடுப்பில் குடத்தோடு சாமந்திப் பாதையை மிதிக்காமல் ஓரமாக வந்தாள். ஃபெர்மின் பம்ப் அறைக்குப் போகாமல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தான். அவன் போகாவிட்டாலும் வேறு யாரோ மோட்டாரைப் போட்டிருந்தார்கள். தூரத்தில் அது ஓடிக்கொண்டிருந்தது.

கோயில் மணி அடித்தது. பசிலியா எலிசியோவின் கிளாஸை எடுத்து எலோதியாவின் கையில் கொடுத்தாள். "நீ வைம்மா. அவன் உன்னைத்தான் தேடுவான்."

எத்தனை வருஷத்துத் தாகம் அது! எலோதியா மழைத் தண்ணீரைக் கிளாஸ் நிறைய ஊற்றினாள். மகன் படத்துக்கு முன்னால் வைத்தாள். "வந்துட்டியா ராஜா… வந்துட்டியா…" என்று வாய்விட்டு அழுதாள். யாரும் நடிக்கிறாள் என்று சொல்லவில்லை.

"நாச்சித்தோவுக்கு நீங்க ஊத்துங்க அண்ணி."

பசிலியா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேண்டாம்டி… நான் தண்ணியத் தொட்டா…"

எலோதியா அந்தக் கையைப் பிடித்தாள். நகமெல்லாம் உடைந்து, காய்ந்த ரத்தத்தோடு இருந்த கை. அதைக் குடத்தின் மேல் வைத்து, தன் கையையும் அதன் மேல் வைத்து, இருவருமாகச் சாய்த்தார்கள். கிளாஸ் நிறைந்தது. யூரிதியா வாயை மூடிக்கொள்ள மறந்து, பல் தெரிய விம்மி விம்மி அழுதாள்.

பசிலியா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்லக் குனிந்து, எலிசியோவிடம் சொன்னாள்.

"மெதுவாக் குடி ராஜா… ஒரே மூச்சுல வேண்டாம். இந்தத் தடவை கசக்காது."